பந்தல் கட்டிய படகு

படகை விற்றுவிட வேண்டும் என்று சொன்னது நான்தான். யாரும் என் வாயில் வார்த்தையைத் திணிக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் இந்தப் படகில் தீவு தீவாகச் சுற்றக் கிளம்பிய புதிதில் ஒருநாள் நடுக்கடலில் காற்று சுழற்றியடித்தது. கேபினுக்குள் இருந்த தட்டு, டம்ளர், அரிசி டப்பா எல்லாம் என்னைக் குறிபார்த்துப் பறந்து வந்தன. காற்று அடங்கியதும் மேலே ஏறி வந்து, "இதோட சரி. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா இதை வித்துடணும். எனக்கு ஒரு கட்டில் வேணும். அசையாத கட்டில்" என்றேன். என் வீட்டுக்காரர் சுக்கானைப் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார்.

அவ்வளவுதான். வேறொருத்தராக இருந்தால் சண்டை போட்டிருப்பார், கெஞ்சியிருப்பார், ஒரு வேளைச் சாப்பாட்டையாவது வேண்டாமென்று தள்ளியிருப்பார். இவர் கல்லுளிமங்கன். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி இரும்புக் கம்பிகளோடு குடும்பம் நடத்தியவருக்கு மனிதர்களோடு பேசுகிற பழக்கம் விட்டே போய்விட்டது. ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கி, சுரண்டி, பூசி, ஓட்டை அடைத்து, ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு அவருக்கும் சேர்த்து வாய் உண்டு. ஜன்னல் திரைச்சீலை, சோபா உறை தைத்துக் கொடுக்கிற கடை என்னுடையது. அந்தக் கடையால்தான் எங்கள் வீட்டில் ஒரு சட்டமே வந்தது. கல்யாணமான புதிதில், நான் தைத்து மாட்டிய ஒரு திரையைப் பார்த்து, "ஒரு பக்கம் தூக்கலா இருக்கோ?" என்று இவர் கேட்டுவிட்டார். தூக்கலாகத்தான் இருந்தது. அதுவா முக்கியம்? நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அன்று முதல் என் தையலைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை, அவருடைய ஸ்பேனர் வேலையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. படகு வந்ததும் அது அவர் பக்கத்துக் கணக்கில் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷம் நாங்கள் ஒழுங்காகக் காப்பாற்றிய சட்டம் இது ஒன்றுதான்.

ஊர் திரும்பும் வழியில் கடைசியாகத் தங்கிய இடம் இந்தப் பவளத் தீவுகள். தீவு என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு தென்னை, கொஞ்சம் புதர், சுற்றிலும் வெள்ளை மணல், அவ்வளவே ஒரு தீவு. அப்படி ஏழெட்டு, வட்டமாக உட்கார்ந்திருந்தன. வெளியே கடல் பாறையில் முட்டிச் சீறிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் அசையவில்லை.

அதற்குள் படகைக் கொண்டுபோவதற்கு வெயில் உச்சிக்கு ஏற வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் நிறம் தெரியும். பழுப்பாக இருந்தால் பவளப் பாறை, கிட்டே போகக்கூடாது. கருநீலம் ஆழம். வெளிர்பச்சை மணல். நங்கூரம் மணலில்தான் விழ வேண்டும். பாறையில் விழுந்தால், கடல் வருஷக்கணக்கில் வளர்த்ததை ஒரு நிமிஷத்தில் நொறுக்கிவிடும், பாவம். படகின் மூக்கில் நின்று நிறம் பார்ப்பது மட்டும் என் வேலை. ஒரே பச்சையில் இருபது விதத் துணியை எடுத்துப் போட்டு வியாபாரம் பண்ணினவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? சட்டப்படி பேசாமல், கையை மட்டும் இடது பக்கமும் வலது பக்கமும் நீட்டுவேன். அவர் அந்தக் கையைப் பார்த்தே ஓட்டுவார். அன்றும் ஒரு கீறல் இல்லாமல் உள்ளே வந்து சேர்ந்தோம்.

அங்கே நாங்கள் இருந்த நாட்களை என்ன சொல்ல! காலையில் எழுந்ததும் படகின் பின்னால் இருக்கும் ஏணியில் இறங்கினால் அதுதான் குளியலறை. முகமூடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கீழே ஒரு ஊரே நடந்துகொண்டிருக்கும். கிளி மூக்கு வைத்த மீன் ஒன்று கல்லைக் கடித்துக் கடித்துத் தின்றது. கோடு போட்ட குட்டி மீன்கள் என் விரலை யாரோ புது விருந்தாளி என்று வந்து விசாரித்துவிட்டுப் போயின. இவர் பக்கத்தில் மிதந்தபடி ஆமையைக் காட்டினார். தண்ணீருக்குள் அவர் பேசாமலிருப்பது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

குளித்து முடித்து ரொட்டியும் மீன் வறுவலும். அப்புறம் ஒரு தூக்கம். எழுந்து தேநீர். "கடைசித் தடவை, அனுபவிச்சுக்கோ" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேபினில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பது மறந்தே போயிருந்தது. எந்த இடத்தில் குனிய வேண்டும், எந்த இடத்தில் நிமிரலாம் என்று உடம்பு தானாகக் கற்றுக்கொண்டுவிட்டது.

எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு வந்து நின்றது. வாடகைக்கு எடுத்த படகு. அதில் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டருக்குச் சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்று ஆசை. விற்கப் போகிறோம் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். மறுநாளே வந்து படகின் உடம்பை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். விட்டால் படகை வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார்.

"நாளைக்குச் சாயந்திரம் வந்து முடிவு சொல்லிடறேன் அண்ணே" என்றார்.

"சரி" என்றார் இவர்.

வாங்க வருகிறவர்கள் முன்னால் படகு வெறிச்சென்று நின்றால் நன்றாகவா இருக்கும்? என்னிடம் சின்னத் தையல் மிஷின் ஒன்று இருந்தது. கடையில் மிஞ்சிய கெட்டியான துணியும் ஒரு கட்டு இருந்தது. மறுநாள் காலையில் உட்கார்ந்து, படகின் பின்பாதிக்கு ஒரு பந்தல் தைத்தேன். சும்மா மேலே மட்டும் விரிக்கிற பந்தல் இல்லை. இரண்டு பக்கமும் கீழே வரைக்கும் தொங்கும் சுவர், மூலைக்கு மூலை இரட்டைத் தையல், முழத்துக்கு முழம் இழுத்துக் கட்ட நாடா. வெயில் ஒரு பொட்டு உள்ளே வரக்கூடாது. கட்டி முடித்ததும் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. என் கைக்கு நானே முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

இவர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தார். காற்று வரும் திசையைப் பார்த்தார். புருவம் மேலே போனது. வாய் திறந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன்.

வாய் மூடிக்கொண்டது.

அவரை மட்டும் சொல்லி என்ன? நானும் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். டாக்டருடைய படகு நெருக்கமாக நின்றதால், அதில் இடிக்காமல் இருக்க, அன்று காலையில்தான் இவர் எங்கள் நங்கூரத்தை எடுத்து வேறிடத்தில் போட்டிருந்தார். சங்கிலி இறங்கும்போது எப்போதும் நீளமாகக் கடகடக்கும். அன்று சட்டென்று நின்றுவிட்டது. சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் நங்கூரம் மணலைக் கவ்வும். 'என்ன, இவ்வளவு கொஞ்சமா விட்டிருக்காரே' என்று மனசுக்குள் தோன்றியது. படகுச் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஊசியில் நூல் கோத்தேன்.

மதியம் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, கூடவே வைத்திருந்த சின்ன ரப்பர் படகில் துடுப்பு போட்டுப் பக்கத்துத் தீவுக்குப் போனோம். தென்னை நிழலில் துண்டை விரித்து, ரொட்டியும் தக்காளியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். அலை வந்து கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. காற்று கொஞ்சம் எழுந்து தென்னை ஓலையெல்லாம் சலசலத்தது.

"என்னங்க, காத்து சுகமா இருக்குல்ல?" என்றேன்.

அவர் கையில் பாதி முட்டையோடு எழுந்து நின்றார்.

"படகு" என்றார்.

எங்கள் படகு போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதுபோல், பந்தலை உப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நான் தைத்த பந்தல்! ஒரு பொத்தல் இல்லாத பந்தல் வேறென்ன செய்யும்? அது பாயாகிவிட்டது. குட்டைச் சங்கிலியில் தொங்கிய நங்கூரம் மணலிலிருந்து பெயர்ந்து அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

கொடுமை என்னவென்றால், படகு டாக்டரின் படகை ஒட்டித்தான் போனது. பந்தல் மூடியிருந்ததால் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டாக்டரும் அவர் மனைவியும் தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்று, "போயிட்டு வாங்க! சீக்கிரம் வந்துடுங்க!" என்று கை ஆட்டினார்கள். மானம் கப்பலேறுகிறது என்பார்களே, எங்கள் மானம் கப்பலேறிக் கிளம்பியே போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படகு போகும் திசையைப் பார்த்தேன். அங்கே வெளிர்பச்சை முடிந்து பழுப்பு தொடங்கியது. பழுப்பு என்றால் பாறை.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. என் தலையணை அதில் இருந்தது. அன்று பறந்து உடைந்ததில் நான் ஒட்டி ஒட்டி வைத்திருந்த டம்ளர் இருந்தது. குனிகிற இடமும் நிமிர்கிற இடமும் அதில்தான் இருந்தன. ஊரில் இருக்கும் வீடு ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை. "ஐயோ, நம்ம வீடு போகுதுங்க!" என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன்.

ரப்பர் படகில் ஏறினோம். ஆளுக்கு ஒரு துடுப்பு. பெரிய பெரிய துணிக்கட்டைத் தூக்கிப் போட்ட கை எனக்கு. நான் இழுத்த இழுப்புக்கு அவரால் ஈடுகொடுக்க முடியாமல் ரப்பர் படகு அவர் பக்கமாகத் திரும்பித் திரும்பி வட்டமடித்தது. இரண்டு சுற்று சுற்றியதும், "இங்க கொடுங்க!" என்று அவர் துடுப்பையும் பிடுங்கிக்கொண்டேன். காற்றும் எங்கள் பக்கம் இருந்தது. நெஞ்சு அடைக்க அடைக்க இழுத்தேன்.

படகைத் தொட்டபோது பாறை நாலு வீடு தள்ளி என்கிற தூரத்தில் இருந்தது. தண்ணீருக்கடியில் மான்கொம்பு மாதிரி கிளைகள் தெரிந்தன. இவர் ஏணியில் தாவி ஏறினார். கத்தியை உருவினார். உருவிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அறுக்கட்டுமா?"

அந்த நேரத்திலும் கேட்கிறார், பாருங்கள்!

"அறுங்க! மனுஷா, அறுங்க! அந்தப் பாழாப்போன துணி கிடக்கட்டும்! சங்கிலிய விடுங்க! நிறைய விடுங்க! காலையிலேயே கம்மியாத்தான் விட்டீங்க!"

நாடாக்கள் இரட்டைத் தையல். ஒன்றும் தானாக அறுந்து கொடுக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக அறுத்தார். பந்தல் ஒரு பக்கம் சரிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. முன்னால் ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். கடகடகடவென்று அது இறங்கிக்கொண்டே இருந்தது. நான் ரப்பர் படகில் உட்கார்ந்து, தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை. பச்சை. இன்னும் பச்சை. படகு ஒரு குலுங்கு குலுங்கி, மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நின்றது.

இவர் இன்ஜினைப் போட்டு, பாறைக்கும் டாக்டர் படகுக்கும் தள்ளிக் கொண்டுபோய், மணலில் நங்கூரத்தை இறக்கி, சங்கிலியைத் தாராளமாக விட்டார். வேலை முடிந்ததும்தான் பேசினோம்.

"ரெண்டு பக்கமும் சுவர் வச்சா காத்து எங்க போகும்? ஓட்டை விட்டிருக்கணும்."

"அதைக் காலையில சொல்றதுக்கென்ன?"

"சங்கிலி கம்மின்னு நீ காலையில சொன்னியா?"

"அது உங்க வேலை!"

"அது உன் தையல்!"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பந்தலின் ஒரு மூலை அவர் தோளில் கிடந்தது. அதை எடுத்து மடித்து வைத்தேன். இரட்டைத் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சாயந்திரம் டாக்டர் சொன்ன சொல் தவறாமல் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. விஷயம் தெரிந்து இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

"அண்ணே, ஆளே இல்லாம இவ்வளவு நேராப் போகுதே! வாடகைப் படகு, நாங்க ரெண்டு பேர் உட்கார்ந்து ஓட்டினாலும் கோணலாத்தான் போகுது. எனக்கு மனசுக்குப் பிடிச்சுப் போச்சு. நானே எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினார் டாக்டர்.

இவர் தன் கையைக் கால்சட்டையில் துடைத்தார். எண்ணெய்க்கறை போகிறவரைக்கும் துடைத்தார். அப்புறமும் துடைத்தார். இன்னொரு கை பாய்மரத்தைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை.

"சரி" என்று சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல டாக்டர்" என்றேன் நான். "படகு விக்கிறதுக்கு இல்ல."

டாக்டரின் கை அப்படியே நின்றது. "அண்ணன்தானே சரின்னு சொன்னார்?"

"அண்ணன் எதுக்குத்தான் சரின்னு சொல்லல? விக்கணும்னு சொன்னது நான். இப்ப விக்கலைன்னு சொல்றதும் நான்தான். மன்னிச்சுக்குங்க. உங்க ரெண்டு பேரையும் வீணா அலைய வச்சுட்டேன்."

"அக்கா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள் டாக்டர் மனைவி.

"யோசிக்கவே இல்லம்மா. மதியம் அது போனப்பவே தெரிஞ்சு போச்சு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தன் புருஷனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நல்ல பெண். டாக்டருக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று. ஒரு தேநீரும் ரொட்டியும் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தேன்.

அவர்கள் கிளம்பிப் போகும்வரை இவர் முன்பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன். "என்னங்க, விக்க வேண்டாம். சரியா?" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அவர் திரும்பினார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் இப்படிக் கத்தியதே இல்லை.

"ஒவ்வொரு தீவுலயும் நங்கூரம் எடுக்கிறப்போ, இனி இங்க வரமாட்டோம், இனி இங்க வரமாட்டோம்னு சொல்லிச் சொல்லி எடுத்தேன். அந்தக் கயிறெல்லாம் புதுசா மாத்தினேனே, யாருக்காக மாத்தினேன்? எவனோ ஓட்டப்போறான், அவன் நல்லா இருக்கட்டும்னு மாத்தினேன். நீ உள்ள தூங்குவே. நான் இங்க வந்து உட்கார்ந்து அழுதிருக்கேன். தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? அந்தக் காத்தடிச்ச அன்னிக்கு நீ மேல ஏறி வந்து நின்னியே, எப்படி நின்னே, உனக்குத் தெரியுமா? கை ரெண்டும் வெடவெடன்னு நடுங்குச்சு. ஊரையே வாயால விரட்டுறவ, குரலே வராம நின்னே. அதைப் பார்த்துட்டு எனக்குப் படகு வேணும்னு நான் எப்படிடி சொல்வேன்?"

கை நடுங்கியதா? எனக்கு நினைவே இல்லை. சத்தம் போட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவர் நிறுத்தவில்லை. பந்தலின் கலர் பிடிக்கவில்லை என்றார். தேநீரில் சர்க்கரை எப்போதும் கூடுதல் என்றார். என் தம்பி எப்போதோ வாங்கிக்கொண்டு போன துளைபோடும் மிஷினை இன்றுவரை திருப்பித் தரவில்லை என்றார். எத்தனை வருஷமாக எத்தனை வார்த்தைகளை உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்தார் இந்த மனுஷன்! எனக்கு வாய் வரைக்கும் நாலு பதில் வந்தன. நாலையும் விழுங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னும் சொல்லுங்க" என்றேன்.